வீட்டு நாஸ் பெட்டியின் வன்தட்டுகளைப் பெரியனவாக மாற்றும் முறை

திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டின் நடு அறை அலுமாரியின் மேல்தட்டில் நாஸ் பெட்டி ஒன்று, அதாவது வீட்டு வலையமைப்பில் இணைந்து எல்லோருடைய கோப்புகளையும் ஓரிடத்தில் சேமித்து வைக்கும் பெட்டி ஒன்று, இருக்கிறது. இரண்டு வன்தட்டுகள் மட்டும் செருகக்கூடிய சிறிய பெட்டி அது. அதில் இருந்தவை இரண்டு 4 டெராபைட் தட்டுகள். ரெய்ட் 1 முறையில் ஒன்றில் எழுதப்படுவது அப்படியே மற்றதிலும் எழுதப்பட்டு வந்தது. பிள்ளைகளின் படங்கள், கோணேசர் கோயில் திருவிழாக் காணொளிகள், அப்பாவின் காணி உறுதிகளை ஸ்கேன் செய்த பிரதிகள், வாசல் கமராவின் பதிவுகள் என்று சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் காலையில் இடம் 92 சதவீதம் நிரம்பிவிட்டது என்று பெட்டியே மின்னஞ்சல் அனுப்பியது. அப்போது இரண்டையும் 8 டெராபைட் தட்டுகளுக்கு மாற்றினேன். அதன் பின்னர் உறவினர், நண்பர் வீடுகளிலும் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

தட்டைக் கழற்றி இன்னொன்றைச் செருகுவது பத்து நிமிட வேலைதான். பயப்பட வேண்டியது அதற்குப் பின் வரும் மணித்தியாலங்களைப் பற்றித்தான். புதிய தட்டில் தரவு மீண்டும் எழுதப்பட்டு முடியும் வரை உங்கள் வீட்டின் நினைவுகள் எல்லாம் ஒரே ஒரு பழைய தட்டை நம்பி நிற்கின்றன. அந்த மணித்தியாலங்களை எப்படிப் பாதுகாப்பாகக் கடப்பது என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஆகவே ஆயத்தங்களைப் பற்றி அதிகமாகவும் திருப்புளி வேலையைப் பற்றிக் குறைவாகவும் சொல்லப் போகிறேன்.

எவ்வளவு இடம் கிடைக்கும்

ரெய்ட் 1 முறையில் இரண்டு தட்டுகளில் சிறியது எதுவோ அதன் அளவே உங்களுக்குக் கிடைக்கும். ஒரு தட்டை மட்டும் 8 டெராபைட்டாக மாற்றினால் இடம் ஒரு பைட் கூட அதிகரிக்காது. இரண்டாவதையும் மாற்றிய பின்னரே விரியும். நான்கு தட்டுகள் கொண்ட பெட்டியில் ரெய்ட் 5 (எந்த ஒரு தட்டு பழுதானாலும் மற்றவற்றைக் கொண்டு தரவை மீட்கும் முறை) இருந்தால், மிகச் சிறிய தட்டின் அளவை மூன்றால் பெருக்கினால் வருவதே பயன்படும் இடம். நான்கும் 4 டெராபைட் என்றால் 12, நான்கையும் 8 டெராபைட்டாக மாற்றி முடித்தால் 24. வெவ்வேறு அளவுத் தட்டுகளைக் கலந்து பயன்படுத்தும், சினோலஜி நிறுவனப் பெட்டிகளின் எஸ்.எச்.ஆர் போன்ற முறைகளில் பெரிய தட்டுகள் இரண்டு சேர்ந்தவுடனேயே கூடுதல் இடத்தின் ஒரு பகுதி கைக்கு வந்துவிடும். பணம் சேரச் சேர இரண்டிரண்டாக வாங்குபவர்களுக்கு இது நல்ல வசதி.

8 டெராபைட் தட்டு திரையில் 7.28 என்று காட்டப்படுவதைப் பார்த்துப் பலர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக எண்ணுகிறார்கள். தட்டைத் தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார்கள், பெட்டியின் மென்பொருள் 1024 இன் மடங்குகளில் எண்ணுகிறது; வேறுபாடு அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன்னர், உங்கள் பெட்டியின் மாதிரி இலக்கத்துக்குத் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் பொருத்தமான தட்டுகளின் பட்டியலைப் பாருங்கள். 32 பிட் செயலி உள்ள சில பழைய பெட்டிகளில் ஒரு தொகுதி (தட்டுகளைச் சேர்த்துப் பெட்டி உருவாக்கும் சேமிப்பிடம்) 16 டெராபைட்டுக்கு மேல் வளராது. அதை அறியாமல் பெரிய தட்டுகளை வாங்கினால் பாதி இடம் வீணாகக் கிடக்கும்.

முதலில் காப்புப் பிரதி

பெட்டிக்குள் இரண்டு தட்டுகளில் ஒரே தரவு இருப்பதால் காப்புப் பிரதி தேவையில்லை என்று நினைப்பதுதான் நான் காணும் பெரிய தவறு. நீங்கள் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அது இரண்டு தட்டுகளிலும் அதே கணத்தில் அழியும். மின்னல் தாக்கினாலும், வெள்ளம் வந்தாலும், திருடன் பெட்டியோடு தூக்கிப் போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு தட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் தொடர்வதற்கான ஏற்பாடு மட்டுமே ரெய்ட்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமிக்குப் பிறகு நிலாவெளியில் மாமியின் வீட்டைத் துப்புரவு செய்யப் போன எனக்கு இதை எவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கல்யாண ஆல்பத்தின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மெதுவாகப் பிரித்தபோது நிறம் முழுவதும் எதிர்ப்பக்கத்தோடு போய், மணப்பெண்ணின் முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் மிஞ்சியது. வேறொரு வீட்டில் ஒரு பிரதி இருந்திருந்தால் என்று மாமி இன்றைக்கும் சொல்வார். இடம்பெயர்விலும் கடலிலும் படங்களையும் பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. அதனால்தான் இந்த விடயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

வெளியிலிருந்து இணைக்கும் யூ.எஸ்.பி வன்தட்டு ஒன்றில் முழுப் பிரதியையும் எடுங்கள். 3.5 டெராபைட் தரவை யூ.எஸ்.பி 3 வழியாகப் பிரதி செய்ய ஏழெட்டு மணித்தியாலம் போகும், பழைய யூ.எஸ்.பி 2 வழியாக என்றால் ஒரு முழு நாளுக்கும் மேல். ஆகவே பெட்டியில் எந்தத் துளை வேகமானது என்று முதலில் பார்த்துச் செருகுங்கள், யூ.எஸ்.பி 3 துளையின் உட்புறம் பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும். சிறு கோப்புகள் இலட்சக்கணக்கில் இருந்தால் இந்தக் கணக்கை விட நேரம் கூடும்.

பிரதி முடிந்ததும் அந்தத் தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, வெவ்வேறு ஆண்டுகளின் கோப்புறைகளிலிருந்து இருபது முப்பது கோப்புகளையாவது திறந்து பாருங்கள். ஒரு காணொளியைத் திறந்தால் கடைசி நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். பாதியில் அறுந்த பிரதி தொடக்கத்தில் நன்றாகவே ஓடும். கூடவே பெட்டியின் அமைப்புக் கோப்பையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். மறைகுறியாக்கம் செய்த கோப்புறைகள் இருந்தால் அவற்றின் திறவுகோலை ஒரு தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். திறவுகோல் பெட்டிக்குள் மட்டும் இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

எஞ்சியிருக்கும் தட்டின் உடல்நிலை

முதல் தட்டைக் கழற்றியதும் மற்றத் தட்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் தரவு வாசிக்கப்படும். பல ஆண்டுகளாக எவரும் திறக்காத ஒரு பழைய படம் இருக்கும் இடத்தில் தட்டு பழுதாகியிருந்தால், அது அன்றைக்குத்தான், வேறு துணை எதுவும் இல்லாத நேரத்தில்தான், வெளியே தெரியும். ஆகவே அதை முன்கூட்டியே தேடிப் பிடிக்க வேண்டும்.

பெட்டியின் சேமிப்பக மேலாண்மைப் பக்கத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்மார்ட் தகவல், அதாவது தட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் குறிப்பு, இருக்கும். நீண்ட அட்டவணையாக வரும் அதில் நான்கு எண்களைப் பார்த்தால் போதும். 5 ஆம் எண், பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் தொகை. 197, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பகுதிகள். 198, வாசிக்கவே முடியாது என்று முடிவான பகுதிகள். இந்த மூன்றின் மூல மதிப்பும் (raw value என்ற நிரலில் உள்ளது) பூச்சியமாக இருக்க வேண்டும். 199 மட்டும் வேறு கதை: அது தட்டுக்கும் பெட்டிக்கும் இடையிலான இணைப்பில் ஏற்பட்ட தவறுகளைக் காட்டுவது. அது ஏறிக்கொண்டே போனால் பிழை பெரும்பாலும் தொடுமுனையில் இருக்கும். கடற்கரை வீடுகளில் இதை நான் மற்றவற்றை விட அடிக்கடி காண்கிறேன்.

எண்களைப் பார்த்த பின் இரண்டு தட்டுகளுக்கும் நீண்ட பரிசோதனையை ஓட விடுங்கள். 4 டெராபைட் தட்டுக்கு ஏறத்தாழ ஓர் இரவு முழுவதும் தேவைப்படும். அது முடிந்ததும் ரெய்ட் தொகுதி முழுவதையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதி பெட்டியில் இருந்தால் அதையும் ஒரு தடவை ஓட்டுங்கள்.

இரண்டில் ஒன்று பலவீனமாகத் தெரிந்தால் அதையே முதலில் கழற்றுங்கள். நலமான தட்டிலிருந்து புதியதற்குத் தரவு போக வேண்டும். நல்லதைக் கழற்றிவிட்டு நோயாளியிடமிருந்து வாசிக்க வைத்தால் வேலை பாதியில் நிற்க வாய்ப்புண்டு. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும், ஏனெனில் பலர் இடது பக்கத்திலிருந்து வரிசையாகக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள்.

ரெய்ட் 5 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வீட்டுப் பாவனைக்கான பல தட்டுகளின் விவரத்தாளில், 100 இலட்சம் கோடி பிட்டுகளை வாசிக்கும்போது, வாசிக்க முடியாத பிழை ஒன்றுக்கு மேல் வராது என்று எழுதியிருக்கும், அது 12.5 டெராபைட்டுக்குச் சமம். நான்கு 8 டெராபைட் தட்டுகளில் ஒன்றை மாற்றும்போது மற்ற மூன்றிலிருந்தும் 24 டெராபைட் வாசிக்கப்படும். அந்த எண் உற்பத்தியாளர் சொல்லும் எல்லை மட்டுமே. நடைமுறையில் பெரும்பாலான தட்டுகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் காப்புப் பிரதி இல்லாமல் அந்த எல்லையைக் கடக்க என் மனம் இடம் கொடுக்காது.

எந்தத் தட்டை வாங்குவது

கடையில் விலைப்பட்டியலைப் பார்த்து நிற்கும்போது, "அண்ணா, இதுவும் எட்டு டெராபைட்தான், விலை குறைவு, எடுத்துக்கொண்டு போங்கோ" என்று அன்பாகச் சொல்வார்கள். அப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அது சி.எம்.ஆர் தட்டா, எஸ்.எம்.ஆர் தட்டா என்பதுதான்.

சி.எம்.ஆர் தட்டில் தரவு எழுதப்படும் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியாமல் அருகருகே கிடக்கும். எஸ்.எம்.ஆர் தட்டில், கூரைக்கு ஓடு வேய்வதுபோல, ஒரு தடத்தின் ஓரம் அடுத்ததன் மேல் படிந்திருக்கும். இடம் மிச்சமாகும், ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் படிந்திருக்கும் ஓடுகளையும் கழற்றி மீண்டும் வேய வேண்டியிருப்பதுபோல, நடுவில் சிறிது எழுதுவதற்கும் பக்கத்துத் தடங்களையெல்லாம் வாசித்துத் திரும்ப எழுத வேண்டும். இதை மறைப்பதற்குத் தட்டுக்குள் தற்காலிகமாக எழுதி வைக்கும் சிறு பகுதி ஒன்று உண்டு. இடையிடையே ஓய்வு கிடைத்தால் தட்டு அதைச் சமாளித்துவிடும். ரெய்ட் மீள்கட்டமைப்பில், அதாவது புதிய தட்டில் தரவு முழுவதும் மீண்டும் எழுதப்படும்போது, மணித்தியாலக் கணக்கில் இடைவிடாமல் எழுதப்படுவதால் அந்தப் பகுதி நிரம்பி வேகம் படுத்துவிடும். சில வேளைகளில் பதில் வரத் தாமதமாவதைப் பெட்டி பழுது என்று எடுத்துக்கொண்டு தட்டையே தொகுதியிலிருந்து வெளியேற்றிவிடும்.

நாஸ் பெட்டிக்கென்று விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலேயே சில அளவுகள் எஸ்.எம்.ஆர் என்பது 2020 இல் வெளிவந்தது. அதன் பின்னர் அந்த நிறுவனம் சி.எம்.ஆர் தட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் கொடுத்தது. சீகேட் ஐயன்வுல்ஃப் வரிசை சி.எம்.ஆர். இந்த இரண்டு வரிசைகளுக்கும் மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு; அவற்றின் புரோ வகைகளுக்கு ஐந்து ஆண்டு. புரோ வகைகள் நிமிடத்துக்கு 7200 தடவை சுழல்வதால் வேகமும் கூடும், வெப்பமும் சத்தமும் கூடும். எங்கள் ஊரின் வெப்பத்தில், இரண்டு தட்டுப் பெட்டி ஒன்றை நடு அறையில் வைத்திருக்கும் வீட்டுக்கு, மெதுவாகச் சுழலும் தட்டே பொருத்தமானது என்பது என் கருத்து. வழக்கமான கிகாபிட் வீட்டு வலையமைப்பு செக்கனுக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்டுக்கு மேல் கொண்டுபோகாது. அதற்கு மேலான வேகம் தட்டில் இருந்தும் பெரும்பாலும் பயனில்லை.

ரெய்ட் என்ற எண்ணத்தை 1988 இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் முன்வைத்தபோது, தட்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பழுதாகும் என்ற எடுகோளின் மேல்தான் கணக்குப் போட்டார்கள். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து, ஒரே வாகனத்தில் குலுங்கி வந்த இரட்டைத் தட்டுகள் அந்த எடுகோளுக்குப் பொருந்தமாட்டா. முடிந்தால் இரண்டையும் இரண்டு கடைகளில், சில வாரங்கள் இடைவெளி விட்டு வாங்குங்கள்.

கொழும்பிலிருந்து வரவழைத்தால் ஹபரணை, கந்தளாய் வழியாகப் பொதி வரும்போது என்னென்னவற்றின் கீழே கிடந்து வந்ததோ தெரியாது. தட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு விரல் தடிப்புக்காவது மெத்தைபோன்ற பொதி இருக்க வேண்டும். இல்லையென்றால் பெறும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டிய இடத்திலிருந்து வந்த பொதியை உடனே திறக்காதீர்கள். எங்கள் ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டால் நீர் கோத்துவிடும். உறையைப் பிரிக்காமல் ஐந்தாறு மணித்தியாலம் அறையிலேயே வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள்.

திறந்ததும் தட்டை யூ.எஸ்.பி டொக் (தட்டைச் செருகிக் கணினியோடு இணைக்கும் தாங்கி) ஒன்றின் வழியாகக் கணினியில் இணைத்து ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். 9 ஆம் எண்ணில் ஓடிய மணித்தியாலம் பூச்சியமாகவோ ஒன்றிரண்டாகவோ இருக்க வேண்டும். பயன்படுத்திய தட்டுகளின் மணிக்கணக்கை அழித்துவிட்டுப் புதியவை என்று விற்ற விவகாரம் 2025 இல் ஜெர்மனியில் வெளிவந்தது. ஆகவே தொடுமுனையில் ஏற்கனவே செருகிய கீறல் இருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள், தொடர் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் உத்தரவாதப் பக்கத்தில் போட்டும் பாருங்கள். பிறகு நீண்ட பரிசோதனையை ஓட்டுங்கள். 8 டெராபைட் தட்டுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். தொடக்கத்திலேயே பழுதாகக்கூடிய தட்டு, பெட்டிக்குள் போகும் முன்னர் மேசையின் மேல் பழுதாகட்டும்.

நாளும் மின்சாரமும்

மீள்கட்டமைப்பு நடக்கும்போது கரண்ட் போகக் கூடாது. மின்சார சபை முன்கூட்டியே அறிவிக்கும் பராமரிப்பு மின்தடைகள் உங்கள் பகுதியில் உண்டா என்று பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னல் வழக்கம். அந்தக் காலத்தைத் தவிர்க்க முடியாவிட்டால் இரவு எட்டு மணிக்குப் பிறகு தொடங்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மின்னல் குறைவு, ஆனால் பகல் வெப்பம் தட்டுகளைச் சுடும். அப்போதும் இரவே நல்லது.

எல்லா நாளையும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றதை எந்த அறிவிப்பும் முன்னரே சொல்லவில்லை. ஆகவே யூ.பி.எஸ் (கரண்ட் போனதும் மின்கலத்திலிருந்து சிறிது நேரம் மின்சாரம் கொடுக்கும் கருவி) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். இரண்டு தட்டுப் பெட்டி ஏறத்தாழ 20 வாட்தான் எடுக்கும்; 650 வி.ஏ அளவுள்ள சாதாரண யூ.பி.எஸ் அதையும் ரவுட்டரையும் பெட்டி ஒழுங்காக அணைந்துகொள்ளும் வரை தாராளமாகத் தாங்கும். அதன் யூ.எஸ்.பி கம்பியைப் பெட்டியில் செருகி, மின்கலம் குறைந்ததும் தானாகவே அணைந்துகொள்ளும்படி அமைத்துவிடுங்கள்.

யூ.பி.எஸ் இருந்தும் ஏமாந்தவன் நான். முதல் தட்டை மாற்றி, மீள்கட்டமைப்பு 61 சதவீதத்தில் நின்றபோது இரவு பதினொரு மணியளவில் கரண்ட் போனது. யூ.பி.எஸ் இரண்டு தடவை கூவிவிட்டு அரை நிமிடத்துக்குள் அணைந்தது. அதன் மின்கலம் நான்கு வயது. ஈயமில மின்கலம் 25 பாகைக்கு மேற்பட்ட ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் ஆயுளில் ஏறத்தாழப் பாதியை இழக்கும் என்பது தெரிந்திருந்தும் நான் அதைச் சோதிக்கவில்லை. இருட்டில் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற நாற்பது நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கரண்ட் வந்த பின் பெட்டி உயிர்பெற்றது, தரவுக்கு ஒன்றும் நேரவில்லை, ஆனால் மீள்கட்டமைப்பு முதலிலிருந்து தொடங்கியது. ஆகவே வேலைக்கு முதல் நாள், தட்டுகளைத் தொடும் முன்னர், ஒரு மேசை விளக்கை யூ.பி.எஸ்ஸில் செருகி, அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, எத்தனை நிமிடம் எரிகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுங்கள்.

கழற்றிச் செருகுதல்

பெட்டியில் வெற்று அறை ஒன்று இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பழைய தட்டைக் கழற்றாமலேயே புதியதை அந்த அறையில் செருகி, பழையதை இதனால் மாற்று என்று மென்பொருளிலேயே கட்டளை கொடுக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. தரவு புதியதற்குப் போய் முடியும் வரை பழையதும் தொகுதியில் நிற்கும். பாதுகாப்பில்லாத நேரம் என்று ஒன்றே இல்லை. எங்கள் பெட்டி போல இரண்டே அறை உள்ளவற்றில் இது முடியாது.

சேமிப்பகப் பக்கத்தில் ஒவ்வொரு தட்டின் தொடர் இலக்கத்தையும் எந்த அறையில் இருக்கிறது என்பதையும் தாளில் எழுதுங்கள். சில பெட்டிகள் அறையை 1 இலிருந்து எண்ணும், சில 0 இலிருந்து எண்ணும். தவறான தட்டைக் கழற்றுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. கழற்ற வேண்டிய தட்டை மென்பொருளில் செயலிழக்கச் செய்யுங்கள். பெட்டி கூவத் தொடங்கும். அது பழுதல்ல, ஒரு தட்டு இல்லை என்ற அறிவிப்பு. ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடுங்கள். ஓடும்போதே தட்டு மாற்றும் வசதி இல்லாத பெட்டியானால் முறைப்படி அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டுத் தொடருங்கள்.

தட்டமைந்த ட்ரேயின் பிடியை விடுவித்து ஒரு விரல் அளவு மட்டும் வெளியே இழுத்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். மின்சாரம் அறுந்த பின்னும் உள்ளே உள்ள தகடுகள் சுழன்றுகொண்டிருக்கும். அவசரப்பட்டு வெளியே எடுத்துச் சரித்தால், சுழலும் பம்பரத்தைச் சரிக்கும்போது அது எதிர்த்துத் திமிறுவதுபோல் கைக்குள் திமிறுவதை உணர்வீர்கள். அந்த நிலையில் தட்டைச் சரிப்பது அதற்கு நல்லதல்ல. திமிறல் அடங்கிய பிறகு சமமாகப் பிடித்து முழுவதும் எடுத்து, மடித்த துவாயின் மேல் வையுங்கள்.

இப்போது தொடுமுனையைப் பாருங்கள். எங்கள் ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது, காற்றிலும் இருக்கிறது. ஆறு ஆண்டு ஓடிய எங்கள் தட்டின் பொன்னிறத் தொடுமுனைகளின் ஓரத்தில், மழை நாளில் செப்புக் குடத்தில் பிடிக்கும் களிம்பு போல, மெல்லிய பச்சை நீலம் படர்ந்திருந்தது. பெட்டிக்குள் உள்ள எதிர்முனையில் அப்படித் தெரிந்தால் பெட்டியை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட, நூல் உதிராத துணிக்குச்சியால் மெதுவாகத் துடைத்து, முழுவதும் காய்ந்த பின் தொடருங்கள். மின்விசிறியின் இதழ்களில் தூசியும் உப்பும் சேர்ந்து களிபோல் ஒட்டியிருக்கும். இதழ் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் எடுத்துவிடுங்கள்.

புதிய தட்டைத் தொடும் முன்னர் பெட்டியின் உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். தட்டின் பச்சைச் சுற்றுப் பலகையைத் தொடாமல் ஓரங்களில் பிடித்து ட்ரேயில் பொருத்துங்கள். திருகாணிகள் என்றால் நான்கையும் முதலில் தளர்வாகச் செருகி, பிறகு எதிரெதிர் மூலைகளாக இறுக்குங்கள். நின்றதும் விட்டுவிடுங்கள், அதற்கு மேல் திருக வேண்டாம். தட்டின் மேல் உள்ள சிறு காற்றுத் துளையை ஸ்டிக்கரால் மூடாதீர்கள். ட்ரேயின் முகப்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, தொடர் இலக்கத்தின் கடைசி நான்கு எழுத்துகளையும் திகதியையும் எழுதுங்கள். உள்ளே தள்ளும்போது கடைசியில் சிறு தடையும் பிறகு ஒரு "டக்" ஒலியும் வரும்.

மீள்கட்டமைப்பு

தட்டு திரையில் தெரிந்ததும் "பழுதுபார்" என்ற கட்டளையைக் கொடுத்து, எந்தத் தட்டில் எழுதப் போகிறது என்று அது கேட்கும்போது தொடர் இலக்கத்தைத் தாளோடு ஒப்பிட்டுவிட்டுச் சம்மதியுங்கள். "புதிதாக உருவாக்கு", "துவக்கு" போன்ற சொற்கள் திரையில் வந்தால் நிறுத்துங்கள். நீங்கள் தவறான பக்கத்தில் நிற்கிறீர்கள், அந்தக் கட்டளைகள் இருப்பதையும் அழித்துவிடும்.

4 டெராபைட் அளவுக்கு எழுத, செக்கனுக்கு 150 மெகாபைட் வேகத்தில், ஏறத்தாழ ஏழரை மணித்தியாலம். எங்கள் பெட்டிக்கு ஒன்பது ஆனது. தட்டின் வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்துக்குப் போகப்போக வேகம் பாதியளவுக்குக் குறைவது இயல்பு. ஆகவே கடைசியில் மீதி நேரம் குறையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் பதற வேண்டாம். வாசல் கமராப் பதிவு, படங்களுக்குச் சிற்றுரு உருவாக்கும் வேலை, தன்னியக்கப் பிரதியெடுப்பு எல்லாவற்றையும் அதுவரை நிறுத்திவையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் அன்றிரவு பெட்டியிலிருந்து படம் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தட்டின் வெப்பம் 50 பாகையைத் தாண்டினால் பெட்டியின் விசிறியை முழு வேகத்தில் வைத்து, அலுமாரிக் கதவைத் திறந்து, அறை விசிறியையும் போடுங்கள்.

இடையில் பழைய தட்டு தடுமாறி மீள்கட்டமைப்பு நின்றுவிட்டால், மீண்டும் மீண்டும் முயன்று அதை வருத்தாதீர்கள். பெட்டியை அணையுங்கள். ரெய்ட் 1 என்றால் நீங்கள் கழற்றி வைத்த முதல் தட்டில் கழற்றிய நேரம் வரையிலான முழுத் தரவும் இருக்கிறது. காப்புப் பிரதியும் இருக்கிறது. எந்தத் தட்டிலும் எதையும் எழுதாமல் விட்டால் மீட்பதற்கு வழி இருக்கும்.

நலமாக முடிந்தால், தொகுதி இயல்பு நிலையில் இருப்பதாகத் திரை சொன்ன பின்னும் ஒரு நாள் பொறுத்து, புதிய தட்டின் ஸ்மார்ட் எண்களை மீண்டும் பார்த்துவிட்டு, இரண்டாவதற்கும் இதே வரிசையில் எல்லாவற்றையும் செய்யுங்கள். இரண்டாம் முறை கை பழகிவிடும். அதனாலேயே தொடர் இலக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிடத் தோன்றும். பார்த்துவிட்டே செய்யுங்கள். இரண்டும் முடிந்ததும் சில பெட்டிகள் தாமாகவே இடத்தை விரித்துக்கொள்ளும், சிலவற்றில் தொகுதியை விரிக்கும் கட்டளையை நீங்கள் கொடுக்க வேண்டும். விரிந்த பகுதியை ஒத்திசைக்க இன்னும் சில மணித்தியாலம் போகும், யூ.பி.எஸ் அப்போதும் தேவை.

பழைய தட்டுகள்

ரெய்ட் 1 இலிருந்து கழற்றிய பழைய தட்டை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். அது அன்றைய நாளின் முழுப் பிரதி. ரெய்ட் 5 இலிருந்து கழற்றிய ஒற்றைத் தட்டுக்கு அந்தப் பயன் இல்லை. அந்த மாதத்துக்குள் புதிய தட்டுகளிலிருந்து புதிதாக ஒரு காப்புப் பிரதி எடுத்து, அதையும் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு, நலமாக உள்ள பழைய தட்டை யூ.எஸ்.பி உறையில் போட்டுக் காப்புத் தட்டாகவே பயன்படுத்தலாம். விற்பதோ கொடுப்பதோ என்றால் முழுத் தட்டின் மேலும் பூச்சியம் எழுதிய பின்னரே கைமாற்றுங்கள். கோப்புகளை அழித்தாலோ விரைவாக வடிவமைத்தாலோ காணி உறுதியும் அடையாள அட்டைப் பிரதியும் உள்ளேயே கிடக்கும்.

பெட்டியில் மாதம் ஒருமுறை நீண்ட ஸ்மார்ட் பரிசோதனையையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொகுதி ஒப்பீட்டையும் நேரம் குறித்து அமைத்து, எச்சரிக்கை மின்னஞ்சல் உங்களுக்கு வருகிறதா என்று சோதனை மின்னஞ்சல் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். எங்கள் பெட்டியில் நீண்ட பரிசோதனை ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை இரவு ஓடுகிறது. கழற்றிய 4 டெராபைட் தட்டுகளில் ஒன்று இப்போது ஈரமுறிஞ்சும் பொட்டலம் இரண்டோடு காற்றுப் புகாத டப்பா ஒன்றில், உவர்மலையில் மாமி இப்போது இருக்கும் வீட்டின் அலுமாரியில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு தடவை அதை எடுத்து வந்து முக்கியமான கோப்புறைகளைப் புதுப்பித்துவிட்டு, மூடியில் திகதியை மாற்றி எழுதி, மாமியிடமே திரும்பக் கொடுத்துவிட்டு வருகிறேன்.